விளையாடிப் பார்த்தவன் சாட்சியம்

சென்ற கோடை விடுமுறையில் என் தங்கையின் மகன், பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை, ஒரு மாத காலம் இராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு தனியாகவே செய்து முடித்த சிறியதொரு கம்ப்யூட்டர் விளையாட்டின் லிங்கை எனக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் காலைக் காப்பி வேளைக்கே வீட்டுக்கு வந்து, "விளையாடிப் பார்த்தீர்களா, மாமா?" என்று கேட்டபடி எதிரே உட்கார்ந்தான். "ரொம்ப நன்றாக இருக்கிறதடா" என்றேன். சொன்ன மாத்திரத்தில் அவன் முகம் மலரும் என்று எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. மாமன் என்ற மரியாதைக்காகச் சிரித்துவைத்தானே தவிர, அந்தச் சிரிப்பில் உயிர் இல்லை. மௌனம் நீண்டுபோகவே, ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக, ஸ்பேஸ்பாரை அழுத்தும்போதெல்லாம் அவனுடைய வீரன் குதித்ததோடு பிரவுசரில் அந்தப் பக்கமே மேலே நகர்ந்துபோயிற்று என்றும், ஆகவே பாதி ஆட்டத்தை வீரனுடைய தலையைக் காணாமல் கால்களை மட்டும் பார்த்தே ஆடி முடித்தேன் என்றும் சொல்லிவைத்தேன். பையன் துள்ளி எழுந்தான். அவனுடைய பெரிய திரையில் பக்கம் முழுவதும் அடங்கிவிட்டதால் நகர்வதற்கு இடமே இருக்கவில்லை. என் பழைய லேப்டாப்பின் குறுகிய திரையில்தான் அந்தக் குறை பிரத்தியட்சமாயிற்று. என் புகழுரை தராத சந்தோஷத்தை என் புகார் அவனுக்குத் தந்தது எதனால் என்று அன்று யோசிக்கத் தொடங்கினேன்.

பிரவுசர் விளையாட்டு என்பது கடையில் வாங்கிக் கணினியில் நிறுவி ஆடும் பெரிய விளையாட்டு அன்று; லிங்கைத் தொட்டால் அங்கேயே திறந்து, ஜன்னலை மூடினால் மறைந்துபோகும் சிறு சிருஷ்டி. ஒரு காலத்தில் ஃபிளாஷ் என்ற மென்பொருளால் இவை ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் அதற்கு விடை கொடுத்துவிட்ட பிறகும், பிரவுசருக்கே இயல்பான வேறு கருவிகளைக் கொண்டு அந்தக் கைத்தொழில் குன்றாமல் நடந்துவருகிறது. 2013-இல் லீஃப் கார்கரன் என்பவர் தொடங்கிய இட்ச்.ஐஓ போன்ற தளங்களில், மாணவர்களும் உத்தியோகஸ்தர்களும் ஓய்வு நேரத்தில் செய்த விளையாட்டுகள் நாள்தோறும் வந்து குவிகின்றன. இவற்றைச் செய்பவர்களில் பெரும்பாலோருக்குப் பணம் கிடைப்பதில்லை. யாராவது விளையாடிவிட்டுச் சொல்லும் நாலு வார்த்தைதான் அவர்களுக்குச் சம்பளம்.

அந்த நாலு வார்த்தை ஏன் அவசியமாகிறது என்றால், ஒரு விளையாட்டை முதல் முறையாகப் பார்க்கும் பாக்கியம் உலகில் எல்லோருக்கும் உண்டு, அதைச் செய்தவன் ஒருவனுக்குத்தான் இல்லை. எந்தக் கதவுக்குப் பின்னால் சாவி இருக்கிறது என்பதையும், எந்தப் பள்ளத்தை எந்தக் கணத்தில் தாண்ட வேண்டும் என்பதையும் அவன் விரல்கள் ஆயிரம் தடவை பழகிவிட்டன. அடுப்படியில் நின்று நெடுநேரம் ருசி பார்த்துக்கொண்டே சமைத்தவரின் நாக்குக்கு உப்பின் அளவு மரத்துப்போவது போல, தன் படைப்பின் கடினமும் தெளிவின்மையும் அவனுக்கு மரத்துப்போகின்றன. ஆதலால் அவன் நம்மிடம் வேண்டி நிற்பது தீர்ப்பு அன்று, சாட்சியம்: நான் இன்ன இடத்தில் நின்றேன், இன்னதை நினைத்தேன், இன்ன விசையை அழுத்தினேன், இன்னது நடந்தது என்ற உண்மையான வாக்குமூலம்.

தீர்ப்புக்கு இணையத்தில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டாம் ஃபல்ப் நடத்திவரும் நியூகிரவுண்ட்ஸ் என்ற தளத்தில், 2000-ஆம் ஆண்டு முதல், வந்து சேரும் ஒவ்வொரு படைப்புக்கும் பார்வையாளர்கள் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் இடுகிறார்கள். தொடக்கத்திலேயே மதிப்பெண் மிகவும் தாழ்ந்துபோனால் அந்தப் படைப்பு தளத்திலிருந்தே நீக்கப்பட்டுவிடும். கொடுமையான ஏற்பாடுதான். ஆனாலும் அதே தளத்தில் எண்ணோடு நில்லாமல் விமரிசனமும் எழுதலாம், படைத்தவர் அதற்குப் பதிலும் எழுதலாம். 2008-இல் அங்கே 'மீட் பாய்' என்ற பெயரில் வெளியான சிறு ஃபிளாஷ் விளையாட்டுதான் இரண்டே வருஷத்தில் 'சூப்பர் மீட் பாய்' என்று விரிந்து உலகப் பிரசித்தி பெற்றது. ஐந்துக்கு மூன்று என்ற எண், செய்தவனை மகிழ்விக்கும் அல்லது வருத்தும். நாளைக் காலையில் எழுந்து எதைத் திருத்துவது என்பதை மட்டும் அது சொல்லாது.

இதைவிட நுட்பமான ஏற்பாடு ஒன்று லுடும் டாரே என்ற போட்டியில் இருக்கிறது. விளையாட்டு ஒன்றைக் கொடுத்தல் என்று பொருள்படும் லத்தீன் பெயர் கொண்ட இப்போட்டி 2002-இல் ஆரம்பமாயிற்று. தனி ஒருவராகக் கலந்துகொள்பவர் அறிவிக்கப்பட்ட கருவை வைத்து 48 மணி நேரத்துக்குள் படமும் ஒலியும் நிரலும் உட்பட அனைத்தையும் தாமே செய்து முடிக்க வேண்டும். குழுவாகச் செய்வோருக்கு 72 மணி நேரம். அதன்பின் சில வாரங்கள், போட்டியாளர்களே ஒருவர் படைப்பை ஒருவர் ஆடிப் பார்த்து, இன்பம், புதுமை, கருப்பொருத்தம், ஓவியம், ஒலி, நகைச்சுவை, மனோபாவம் என்று தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். 20 பேராவது மதிப்பிட்டால்தான் இறுதியில் தரவரிசையில் இடம் உண்டு. அந்த 20 பேர் நம் வாசலுக்கு வர வேண்டுமானால் நாம் பிறர் வாசலுக்குப் போயிருக்க வேண்டும். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் மொய் எழுதுகிற தர்மம்தான் இது! மொய்க்கு உரிய பலவீனமும் இதற்கு உண்டு: எழுத வேண்டுமே என்று எழுதப்படும் 'அருமை, என்னுடையதையும் ஆடிப் பாருங்கள்' என்ற ரகக் கருத்துகள் அங்கே ஏராளம். எனினும், ஒரே விளையாட்டை ஏழு கோணங்களில் பிரித்துப் பார்க்கச் சொல்லும் அந்தப் பழக்கம், ஓவியம் பிடிக்காததால் ஆட்டமே பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளும் நம் மயக்கத்தைச் சற்றே தெளிவிக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இனி, சாட்சியம் எப்படிப் பிரயோஜனப்படுகிறது என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம். 'உங்கள் விளையாட்டு மிகவும் கடினம்' என்று ஒருவர் எழுதுகிறார். 'இல்லையே, என் பாட்டிகூட முடித்துவிட்டாரே' என்று செய்தவர் மனம் நோகிறார். இருவரும் உண்மை பேசுகிறவர்கள்தாம். சாதாரணத் திரை வினாடிக்கு 60 தடவை தன் படத்தைப் புதுப்பித்துக்கொள்கிறது. விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் சில திரைகளோ 144 தடவை. பிரவுசரும் அந்தந்தத் திரையின் தாளத்துக்கே படம் வரையச் சொல்லிப் பணிக்கிறது. அனுபவம் போதாதவர், ஒவ்வொரு தடவை வரையும்போதும் வீரன் இத்தனை தூரம் நகரட்டும் என்று எழுதிவிட்டால், அந்த வீரன் ஒரு வீட்டில் நடப்பதைவிட இன்னொரு வீட்டில் 2.4 மடங்கு வேகமாக ஓடுவான். எதிரிகளும் அப்படியே. 'கடினம்' என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க ஜோதிடம்தான் தெரிந்திருக்க வேண்டும்; 'குரோம் பிரவுசர், 144 ஹெர்ட்ஸ் திரை, எதிரி வருவது கண்ணுக்கே தெரியவில்லை' என்று எழுதியிருந்தால், கழிந்த நேரத்தைக் கணக்கிட்டு அதனால் வேகத்தைப் பெருக்கும் நிவாரணத்தைச் செய்தவர் பத்து நிமிஷத்தில் செய்து முடித்திருப்பார்.

இப்படிப்பட்ட மர்மங்கள் பிரவுசரில் மிகுதி. முதல் தடவை எதையாவது தொடும்வரை ஒலி எழுப்பவிடாமல் 2018 முதல் குரோம் தடுப்பதால், இசையே இல்லாத விளையாட்டு என்று நாம் தவறாக எண்ணிவிடலாம். செய்தவருடைய விண்டோஸ் கணினி கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேற்றுமை பாராட்டாது. இணையத்தில் விளையாட்டைத் தாங்கும் சர்வரோ பெரும்பாலும் பாராட்டும். ஆகவே அவருக்குத் தெரிகிற வீரன் நமக்கு அரூபியாகிவிடுவான். டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு விசைகளால் நடக்கச் சொன்னால், பிரெஞ்சுக்காரருடைய கீபோர்டில் டபிள்யூ இருக்க வேண்டிய இடத்தில் இசட்டும், ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூவும் இருப்பதால் அவர் விரல்கள் பின்னிக்கொள்ளும். இவற்றின் காரணம் நமக்கு விளங்க வேண்டியதில்லை. எந்தக் கருவி, எந்தப் பிரவுசர் என்ற விவரமும், ஒரு ஸ்கிரீன்ஷாட்டும், முடிந்தால் எஃப் 12 விசையை அழுத்தினால் திறக்கும் கன்சோலில் சிவப்பு எழுத்தில் தெரியும் வாசகத்தின் பிரதியும் அனுப்பினால், அதுவே மகத்தான உபகாரம்.

யந்திரத்தில் குறையே இல்லாதபோதும் சாட்சியம் தன் வேலையைச் செய்யும். 'விளிம்பில் குதிக்கும் விசையை அழுத்தினேன், குதிக்காமல் விழுந்துவிட்டான்' என்று பலர் முறையிடுவதுண்டு. கணக்கைப் பார்த்தால், அவர்கள் அழுத்திய கணத்தில் வீரன் விளிம்பைக் கடந்து வெறும் காற்றில் கால் வைத்திருப்பான். நியாயம் யந்திரத்தின் பக்கம். ஆனால் விளையாடுவோர் மனத்தில் அந்தக் கணம் விளிம்பிலேயே இருந்தது. அனுபவத்தில் நியாயம் அவர்கள் பக்கம். இந்த வழக்குக்குக் கைதேர்ந்தவர்கள் கண்ட சமரசம் விசித்திரமானது: விளிம்பைத் தாண்டிய பின்னும் வினாடியில் பத்தில் ஒரு பங்கு போன்ற அற்ப அவகாசம் கொடுத்து, அதற்குள் அழுத்தினாலும் குதிக்க விட்டுவிடுகிறார்கள். மலைச்சரிவைத் தாண்டி ஓடியும், கீழே குனிந்து பார்க்கும்வரை அந்தரத்திலேயே நிற்கும் கயோட்டி என்ற ஓநாயினக் கார்ட்டூன் விலங்கை நினைத்து, அந்தக் கருணைக்குக் கயோட்டி டைம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். இருவர் நான்கு நாட்களில் சிறு வடிவமாகச் செய்து, 2018-இல் பெரு வடிவில் வெளியான 'செலஸ்டே'யில் இந்தக் கருணை உண்டு. முறையிட்டவர் 'பள்ளத்தைச் சிறிதாக்குங்கள்' என்று மருந்து எழுதிக்கொடுத்திருந்தால், செய்தவர் அதை நம்பி ஆட்டத்தையே சப்பென்று ஆக்கியிருக்கலாம். வலிக்கிற இடத்தைக் காட்டுவது நோயாளியின் கடமை. மருந்து எழுதுவது அவருடைய கடமை அன்று.

வலியே உத்தேசமாக இருக்கிற விளையாட்டுகளும் உண்டு. 2008-இல் பென்னட் ஃபாடி வெளியிட்ட 'க்வாப்' என்ற பிரவுசர் விளையாட்டில் ஓட்டப்பந்தய வீரர் ஒருவரை 100 மீட்டர் ஓட வைக்க வேண்டும்; ஆனால் இரண்டு விசைகள் தொடைகளையும் இரண்டு விசைகள் கெண்டைக்கால்களையும் தனித்தனியே அசைப்பதால், ஓடுவது கிடக்கட்டும், அவரை நிற்க வைப்பதே பெரும்பாடு. விழுவதுதான் அங்கே ரசம். 'நடக்கவே முடியவில்லை, சரிசெய்யுங்கள்' என்று அங்கே எழுதுபவர் நகைப்புக்கு இடமாவார். ஆகவே, நாம் விழுந்தோம் என்பதோடு, விழுந்தபோது சிரித்தோமா எரிச்சலுற்றோமா என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சாட்சியம் பூரணமாகும்.

நல்ல கருத்தின் பலன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 'வேர்டில்' என்ற, சொல்லை ஊகிக்கும் பிரவுசர் விளையாட்டின் கதை போதும். நியூயார்க்கின் புரூக்ளினில் வசித்த ஜாஷ் வார்டில், சொற்புதிரில் பிரியமுள்ள தம் துணைவி பாலக் ஷாவுக்காக அதைச் செய்தார். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000. அவற்றில் பாதிக்கு மேல் யாரும் கேள்விப்படாதவை. அம்மையார் அந்தப் பட்டியலைத் தமக்குத் தெரிந்தவை, தெரியாதவை என்று பிரித்துக் கொடுக்க, விடைகளாக வரத்தக்க சொற்கள் சுமார் 2,500-ஆகக் குறைந்தன. இது பிரமாதமான விமரிசனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'இது எனக்குத் தெரியும், இது தெரியாது' என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் அதில் இல்லை. நியூஸிலாந்தில் ஆடியவர்கள் தங்கள் முயற்சியைப் பச்சை, மஞ்சள் சதுரங்களாகத் தாங்களே தட்டச்சு செய்து பகிர்வதைக் கண்டு, அதையே ஒரு வசதியாக வார்டில் தம் விளையாட்டுக்குள் சேர்த்தார். 2021 நவம்பர் 1-ஆம் தேதி 90 பேர் ஆடிய விளையாட்டை, 2022 ஜனவரி 2-ஆம் தேதி ஆடியவர்கள் 3 லட்சம் பேர். அந்த மாத முடிவிலேயே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதை விலைக்கு வாங்கிக்கொண்டது.

கருத்து சொல்லும் தொனியைப் பற்றித் தனியாக உபதேசிக்க எனக்கு விருப்பமில்லை. 'நீ செய்தது' என்று தொடங்கும் வாக்கியத்தை 'எனக்கு நேர்ந்தது' என்று மாற்றித் தொடங்கினால் கடுமை தானே கரைந்துவிடுகிறது. நான்கு பேர் சேர்ந்தாடும் வசதியும், முப்பரிமாணமும், இன்னும் இருபது கட்டங்களும் சேர்க்கச் சொல்லி யோசனை வழங்கும் உற்சாகிகளைக் கண்டால்தான் எனக்குக் கவலை. வார இறுதியில் கட்டிய குடிசைக்கு மாடி எழுப்பச் சொல்லுகிற அந்த அன்பு, பல விளையாட்டுகளை முடிவடையாமலே மாய்த்திருக்கும்.

என் மருமகன் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தான். ஸ்பேஸ்பார் இப்போது பக்கத்தை அசைப்பதில்லை. உற்சாகத்தோடு லேப்டாப்பை என் பக்கம் இழுத்து ஆடத் தொடங்கினேன்; முதல் பள்ளத்தைத் தாண்டினேன், இரண்டாவதில் இருந்த பொறியையும் அனாயாசமாகக் கடந்தேன். பெருமையோடு நிமிர்ந்து பார்த்தால், அவன் என் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குப் பழகிவிட்டது, மாமா. அத்தையைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்" என்றான்.