வலிக்காத தேமலை விட்டுடாதீங்க!



போன குறுவை நடவு சமயம், திருவையாறு பக்கம் ஒரு குழுக் கூட்டம். சந்தா வசூல் முடிந்து தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்குச் சுற்றி வந்தது. பேனாவை வாங்கிய ஒரு அக்காவின் விரலில் பெரிய கொப்புளம். "சோறு வடிக்கிறப்ப சுட்டிருக்கும்போல, எனக்குத் தெரியவே இல்ல" என்றார். அதே கையில் வெளிறிய தேமல் ஒன்று. "அது ரெண்டு வருஷமா இருக்கு. அரிக்கல, வலிக்கல, அதான் விட்டுட்டேன்."

வலிக்காததுதான் இங்கே விஷயமே. சாதாரண தேமலில் தொட்டால் உணர்ச்சி தெரியும். தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குறைந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அரிக்காது. வெளிறியும் இருக்கலாம், சிவந்தும் இருக்கலாம். 1873-ல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்த கிருமி, தோலோடு நரம்பையும் பிடிப்பதுதான் காரணம். அடுப்பில் சுட்டாலும், நடவு வயலில் நத்தை ஓடு காலைக் கிழித்தாலும் தெரியாது. விரல் மடங்கிப் போவது இப்படிக் கவனிக்காமல் விட்டதால்தான்.

சோதிப்பது சுலபம். கண்ணை மூடச் சொல்லி, பால்பாயிண்ட் பேனா முனையால் தேமலை லேசாகத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஊசியோ சூடோ வேண்டாம். முகத்துத் தேமலில் உணர்ச்சி இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். முதுகை நாமே பார்க்க முடியாது. அக்கா தங்கச்சி ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த அக்காவுக்கு முதுகில் மட்டும் ஆறு இடத்தில் இருந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம். நோயின் அளவைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். சிறுநீர் சிவக்கும், பயப்பட வேண்டாம். ஒரு மாத்திரையால் தோல் கறுக்கும். பெண்கள் பலர் இதனாலேயே பாதியில் நிறுத்துகிறார்கள். மருந்து முடிந்தபின் நிறம் மெதுவாகத் திரும்பும். செத்த நரம்பு திரும்பாது. இடையில் தேமல் வீங்கினாலோ, நரம்பு வலித்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

2005 டிசம்பரில் நம் நாட்டில் 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலை வந்தது. நோயே போய்விட்டது என்று பலரும் நினைத்துவிட்டோம், நானும்தான். ஆனால் கிருமி புகுந்து நோய் வெளியே தெரிய சராசரி 5 வருஷம், சிலருக்கு 20 வருஷம்கூட ஆகும். அதனால் வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதிக்க வேண்டும். தகுதியுள்ளவர்களுக்கு முன்தடுப்பாக ஒரே ஒரு வேளை மாத்திரை உண்டு.

அக்காவின் பயமெல்லாம் வேறு. "வீட்டுக்காரர் அத்து விட்டுடுவாரோ?" தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்க இருந்த பிரிவை 2019-லேயே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றேன். நம்பாமல் ரெண்டு தடவை கேட்டார். "அவங்க இனிமே கூட்டத்துக்கு வரலாமா?" என்று குழுவிலும் ஒருத்தர் கேட்டார். கணக்கு நோட்டே அவரிடம்தானே இருக்கிறது, அவர் வராமல் கூட்டம் எப்படி நடக்கும்?

இந்த மாசம் ஏழாவது மருந்து அட்டை. இப்போதெல்லாம் கனத்த துணி வைத்துத்தான் பானையைப் பிடிக்கிறார்.