சொல்லறிந்து காப்பியம் புகுதல்

இன்று எந்த நாட்டிலும் எவர்க்கும் தாய்மொழியாக இல்லாத மொழி இலத்தீன். ஆயினும், கி.மு. 19இல் மறைந்த வெர்ஜில் இயற்றிய ‘ஈனியட்’ என்னும் காப்பியத்தை மூலமொழியிலேயே படிக்க விரும்புவோர் இன்றும் உள்ளனர். பன்னிரண்டு காண்டங்களும் ஏறத்தாழ 9,900 அடிகளும் கொண்ட பெருநூல் அது. புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் அடிக்கு மூன்று சொற்களுக்கேனும் அகராதியைப் புரட்ட நேரும். ஐந்தாம் அடியை அடைவதற்குள் முதலடி மறந்துபோகும். சொற்பொருள் கிடைத்துவிடும், கவிதை மட்டும் கிடைக்காது.

இத்துன்பத்தைக் குறைக்கும் வகையில், கிளைடு பார் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1930இல் முதல் ஆறு காண்டங்களை வெளியிட்டார். அரிய சொற்களின் பொருளை அந்தந்தப் பக்கத்திலேயே தந்தார். அடிக்கடி வரும் சொற்களை நூலின் இறுதியில், மடித்து விரிக்கும் தாளில் தனியே தொகுத்தார். திரும்பத் திரும்ப வருவனவற்றை மனத்தில் பதித்தல் வேண்டும். ஒருமுறை வந்து மறைவனவற்றைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டால் போதும். எல்லாச் சொற்களையும் ஒரே முயற்சியுடன் மனப்பாடம் செய்வது வீண் உழைப்பே.

உரைநடைச் சொற்களை மட்டும் கற்றவர்க்கும் காப்பியம் எளிதில் வழிவிடுவதில்லை. கடலுக்கு ‘மரெ’ என்பது பொதுச்சொல். கவிஞர்கள் ‘பொந்துஸ்’, ‘பெலகுஸ்’, ‘ஐக்வொர்’ என்றும் கூறுவர். இவற்றுள் ‘ஐக்வொர்’ என்பதன் அடிப்படைப் பொருள் சமமான பரப்பு. பரந்து கிடப்பதால் கடலைத் தமிழில் ‘பரவை’ என்பது நினைக்கத்தக்கது. கப்பலின் பொதுப்பெயர் ‘நாவிஸ்’. செய்யுளிலோ கப்பலின் பின்புறத்தைக் குறிக்கும் ‘புப்பிஸ்’, அடிமரத்தைக் குறிக்கும் ‘கரீன’ ஆகிய உறுப்புப்பெயர்களும் முழுக் கப்பலுக்கு ஆகிவரும். ‘பீனுஸ்’ என்னும் பைன் மரத்தின் பெயரும் அவ்வாறே வரும். இதை அறியாதவர், கடலில் மரம் ஒன்று விரைந்து செல்வதாக எண்ணி மயங்குவார்! ‘அல்துஸ்’ என்னும் சொல் உயரம், ஆழம் இரண்டையும் குறிக்கும். வானமா கடலா என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும்.

சொல்லின் ஒரு வடிவத்தை மட்டும் கற்பதும் போதாது. அரசன் என்பதற்கு எழுவாய் வடிவம் ‘ரேக்ஸ்’. அரசனுடைய என்பதற்கு ‘ரேகிஸ்’. ஏனைய வேற்றுமை வடிவங்கள் இரண்டாவதன் அடியிலிருந்தே பிறக்கும். ஆகவேதான் அகராதிகள் இரண்டையும் சேர்த்தே தருகின்றன.

குறில், நெடில் வேறுபாடும் உடன் கற்க வேண்டியதாகும். ‘பொபுலுஸ்’ என்றால் மக்கள். ‘போபுலுஸ்’ என்றால் பாப்லர் மரம். பிழைபட ஒலித்தால் பொருள் மாறும், யாப்பும் சிதையும். தமிழெழுத்தில் தெளிவாகத் தெரியும் இவ்வேறுபாடு இலத்தீன் எழுத்தில் தெரிவதில்லை. தமிழிலும் முன்பு சுவடிகளில் எ, ஏ என்பனவும் ஒ, ஓ என்பனவும் பெரும்பாலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. அவற்றை வேறுபடுத்தி எழுத வழிசெய்தவர், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்த இத்தாலியரான வீரமாமுனிவர். இலத்தீன் பயில்வோரோ இன்றும் தம் ஏடுகளில் நெட்டெழுத்தின் தலைமேல் சிறு கோடு இட்டுப் படிக்கின்றனர்.