ஹீமோபிலியாவுக்கு வேலூரில் மரபணு சிகிச்சை

ஹீமோபிலியா 'ஏ' பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு. ரத்தம் உறையத் தேவையான ஃபாக்டர் 8 என்ற புரதம் இந்நோயாளிகளின் உடலில் உருவாவதில்லை. உருவானாலும் போதுமான அளவு இருப்பதில்லை. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் நோய் பெரும்பாலும் ஆண்களையே தாக்குகிறது. ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது. தாய்வழியே வரும் நோய் என்றாலும், குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. பெற்றவள்மீது பழி போடுவதில் எந்த நியாயமும் இல்லை.

வெளிக்காயத்தைவிட உள்ளே கசியும் ரத்தம்தான் இதில் பெரிய தொல்லை. இரவு நன்றாக விளையாடிவிட்டுப் படுத்த சிறுவனுக்கு விடியும்போது முழங்கால் வீங்கி, தொட்டால் சுடும். காலை மடக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. இப்படி ஒரே மூட்டில் பலமுறை ரத்தம் கசிந்தால் குருத்தெலும்பு அரிபட்டு, இளம் வயதிலேயே மூட்டு இறுகிப்போகிறது. நின்றுகொண்டோ உடலை வருத்தியோ செய்யும் வேலைக்கு அதன்பின் அவர் போக முடியாது.

வழக்கமான சிகிச்சை, ஃபாக்டர் 8 மருந்தை நரம்பில் ஏற்றுவது. ஏற்றிய மருந்தில் பாதி சுமார் 12 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எனவே ரத்தக்கசிவைத் தடுக்க வாரத்தில் இரண்டு மூன்று ஊசி, வாழ்நாள் முழுவதும் தேவைப்படுகிறது.

குறையுள்ள மரபணுவுக்குப் பதில் நல்ல பிரதியை உடலுக்குள் செலுத்துவதே மரபணு சிகிச்சை. ரோக்டேவியன் என்ற மருந்து 2022இல் ஐரோப்பாவிலும் 2023இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. தீங்கு செய்யாத ஏஏவி என்ற வைரஸ் அதில் மரபணுவைக் கல்லீரலுக்குச் சுமந்து செல்கிறது. ஆனால் இந்த வைரஸுக்கு ஏற்கெனவே எதிர்ப்புப் புரதம் உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்க முடியாது. பலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்லப் பலனும் குறைகிறது.

வேலூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வேறு வழியில் போனது. 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துவரும் இடம் அது. டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழு, அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, கல்லீரலை விட்டுவிட்டு ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களைத் தேர்ந்தெடுத்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து இந்தச் செல்களைப் பிரித்தெடுத்து, வெளியே வைத்து, நோய் உண்டாக்க முடியாதபடி மாற்றப்பட்ட லென்டிவைரஸ் மூலம் ஃபாக்டர் 8 மரபணுவைச் சேர்க்கிறார்கள். பிறகு கடுமையான கீமோ மருந்தால் பழைய மஜ்ஜையை அகற்றி, மாற்றிய செல்களை ரத்தம் ஏற்றுவதுபோல் நரம்பில் ஏற்றுகிறார்கள். புதிய மரபணு செல்லின் குரோமோசோமிலேயே இணைந்துவிடுவதால், அந்தச் செல் எத்தனை முறை பிரிந்தாலும் கூடவே போகிறது. இந்த வழியின் முக்கியமான பலம் இதுதான்.

2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவுகள் வெளியாயின. 22 முதல் 41 வயது வரையுள்ள, கடுமையான ஹீமோபிலியா கொண்ட ஐந்து பேர் சிகிச்சை பெற்றிருந்தனர். 9 முதல் 27 மாதங்கள் வரை கண்காணித்ததில், மாற்றிய செல்கள் நிலைகொண்ட பின் ஒருவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. சாதாரண அளவில் ஐந்து சதவீத ஃபாக்டர் இருந்தாலே நோய் லேசான நிலைக்கு வந்துவிடும் என்பதைப் பார்த்தால், இதற்குப் பெரிய அளவு தேவைப்படவில்லை என்பது புரியும்.

கீமோவின் விலை சிறியதல்ல. வெள்ளணுக்கள் சரியும் வாரங்களில் நோய்த்தொற்று அபாயம் உண்டு, குழந்தைப்பேறும் பாதிக்கப்படலாம். குரோமோசோமில் மரபணு தவறான இடத்தில் அமர்ந்தால் புற்றுநோய் வரக்கூடும். இருபது ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் வேறொரு நோய்க்கு, வேறு வகை வைரஸைக் கொண்டு சிகிச்சை பெற்ற சில குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. இப்போதைய லென்டிவைரஸ் அந்த அபாயத்தைக் குறைக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஆனாலும் ஐந்து பேரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டியிருக்கிறது.