எழுதியவருக்கு முதல் மரியாதை

"விக்கிப்பீடியாவில் ஒரு பிழையைத் திருத்திச் சேமித்தால், அடுத்த நொடியே திருத்தம் எனக்குத் தெரிகிறது. உலகமே படிக்கும் தளத்தில் இது எப்படி முடிகிறது?" என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அந்த அடுத்த நொடிக்குள் நடப்பது அழகான வேலை.

அந்தத் திருத்தம் போய்ச் சேரும் இடம் தரவுத்தளம். தகவலை அட்டவணைகளாக அடுக்கிவைக்கும் உறவுநிலைத் தரவுத்தளம் என்ற கருத்தை ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் வெளியிட்டார். வரலாறு இவ்வளவு போதும். 'அது பழைய சரக்கு, கூட்டம் தாங்காது' என்று புதிய மென்பொருள் விற்பவர்கள் சொல்வதுண்டு. நம்ப வேண்டாம். விக்கிப்பீடியா இன்றும் மரியாடிபி என்ற உறவுநிலைத் தரவுத்தளத்தில்தான் ஓடுகிறது.

படிப்பவர்கள் ஏராளம், எழுதுபவர்கள் குறைவு. உள்நுழையாமல் படிக்கும் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே தயாரான பக்கம் தற்காலிகச் சேமிப்பிலிருந்தே போய்விடும். மீதிக் கேள்விகளைத் தாங்குவதற்காகத் தரவுத்தளத்துக்குப் பல நகல்கள் இருக்கின்றன. எழுதுவது முதன்மை சர்வரில் மட்டும், படிப்பது நகல்களில்.

ஒரு பெரிய மளிகை மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வரவு செலவைச் சிட்டையில் எழுதும் உரிமை கணக்குப்பிள்ளை ஒருவருக்கே. ஒவ்வொரு வரிக்கும் வரிசை எண் உண்டு. உதவியாளர்கள் அதே வரிசையில் தத்தம் பேரேட்டில் ஏற்றிக்கொண்டு, ஜன்னலுக்கு ஒருவராக உட்கார்ந்து பாக்கி கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறார்கள். சிக்கல் இங்கேதான். இப்போதுதான் பணம் கட்டியவர் ஜன்னலுக்குப் போகிறார். உதவியாளரோ சில வரிகள் பின்தங்கியிருக்கிறார். "நீங்க பணமே கட்டலையே!" சண்டை வராமல் இருக்குமா?

அதனால் பணம் வாங்கும்போதே கணக்குப்பிள்ளை ஒரு துண்டுச் சீட்டில் '5012' என்று எழுதிக் கொடுக்கிறார். உதவியாளர் தன் பேரேட்டின் கடைசி வரியைப் பார்க்கிறார்: 5009. "மூணு வரி பொறுங்க அண்ணாச்சி" என்கிறார். சீட்டு இல்லாதவர் 5009 வரையிலான கணக்கைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார், அவருக்குக் குறையில்லை. ஓர் உதவியாளர் மிகவும் பின்தங்கினால் ஆட்களை அடுத்த ஜன்னலுக்கு அனுப்பலாம். எல்லோருமே பின்தங்கிவிட்டால் கணக்குப்பிள்ளை பேனாவை மூடிவைத்துவிடுவார்: அவர்கள் எட்டிப்பிடிக்கும்வரை புதிய வரவு கிடையாது.

விக்கிப்பீடியாவின் மீடியாவிக்கி மென்பொருள் செய்வது இதைத்தான். நீங்கள் சேமித்ததும், முதன்மை சர்வரின் பதிவேடு எந்த இடத்தை எட்டியது என்பதை உங்கள் பெயரில் குறித்துக்கொள்கிறது. உங்கள் அடுத்த கோரிக்கை வந்ததும், நகல் அந்த இடத்தை எட்டும்வரை சற்றுக் காத்திருக்கிறது. காத்திருப்புக்கும் எல்லை உண்டு. நகல்கள் அனைத்தும் அளவுமீறிப் பின்தங்கினால் தளம் தற்காலிகமாகப் 'படிக்க மட்டும்' நிலைக்குப் போகும். எல்லோருக்கும் எல்லாம் உடனே தெரியும் என்ற உறுதிமொழி இதில் இல்லை. எழுதியவருக்கு அவர் எழுதியது தெரிய வேண்டும், அவ்வளவே. இந்தச் சிறிய உறுதிமொழியைக் காப்பாற்றினால் நகல்களை நம்பிக் கூட்டத்தைச் சமாளிக்கலாம்.

ஆனால் நகல்களைக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்பது தவறு. முதன்மையில் எழுதும் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு நகலும் எழுதியாக வேண்டும். எழுதும் சுமை நகல்களால் குறைவதே இல்லை. ஆகவே தளம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் மெதுவான வினவல்களைக் கண்டுபிடித்துச் சரியான குறியீட்டு அட்டவணை போடுங்கள். பிறகு தற்காலிகச் சேமிப்பு. நகல்கள் அதற்கும் பிறகுதான். அவற்றை விற்க வருபவரிடம், "நகல் பின்தங்கினால் எங்கள் மென்பொருள் என்ன செய்யும்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.