வேன் கடைகளில் தார்ப்பாய்ப் பந்தல் கட்டும் முறை

வேன், குட்டி யானை போன்ற வாகனங்களில் நடக்கும் கடைகளின் பக்கவாட்டில், வெயிலுக்கும் மழைக்கும் இழுத்துக் கட்டப்படும் விரிப்பே தார்ப்பாய்ப் பந்தல் ஆகும். படுதா என்றும் இதைச் சொல்வதுண்டு. விரிப்பின் ஒரு விளிம்பு வாகனத்தின் மேற்புறத்தோடு இணைக்கப்படும். எதிர் விளிம்பை இரண்டு கம்புகள் தாங்கும். வெளிநாடுகளில் சுற்றுலா செல்வோர் பயன்படுத்தும் கேரவன் வண்டிகளிலும், தமிழ்த் திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவன்களிலும் இதே அமைப்பைக் காணலாம்.

பந்தல் கட்டுவது எளிய வேலை. ஆனால் தவறாகக் கட்டினால் வாகனத்தின் தகடு துளைபட்டும் கீறப்பட்டும் துருப்பிடிக்கும். கடலோரத்தில் இது விரைவாக நடக்கும். வேனையே கடையாகவும் முதலீடாகவும் வைத்திருப்பவருக்கு டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று செலவாகும் பணமும், வேலை முடியும்வரை நின்றுபோகும் வருமானமும் பெரிய இழப்பு. காற்றில் பிடுங்கிக்கொண்டு பறக்கும் பந்தல் சாலையில் செல்வோரின் உயிருக்கும் ஆபத்தானது.

வடசென்னைச் சூழல்

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகள் வங்கக் கடலை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டுள்ளன. தெற்கில் சென்னைத் துறைமுகமும், வடக்கில் 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகமும் (இப்போது காமராசர் துறைமுகம்) உள்ளன. இவ்விரண்டுக்கும் இடையே கன்டெய்னர் டிரெய்லர்களும் சரக்கு லாரிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. ஓட்டுநர்கள், கிளீனர்கள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோரை நம்பி டிபன், மோர், சர்பத், வறுத்த மீன் விற்கும் வண்டிக் கடைகள் சாலையோரங்களில் நிற்கின்றன. 2005-இல் டாட்டா ஏஸ் சந்தைக்கு வந்தபின் சிறு வியாபாரிகளுக்கும் சொந்த வாகனம் எட்டும் பொருளானது. குட்டி யானை என்பது அந்த வண்டிக்கு மக்கள் வைத்த பெயர்.

இப்பகுதியில் பந்தல் கட்டுவோர் மூன்று காரணிகளைக் கவனிக்க வேண்டும்.

உப்பு: கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்புத் துகள்கள் வாகனத்தின் மேல் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். அதனால் மழை பெய்யாத இரவிலும் தகட்டின் மேல் உப்புநீர் படலம் உண்டாகிறது. பெயின்ட் முழுமையாக இருக்கும்வரை இதனால் தீங்கில்லை. ஒரு கீறல் விழுந்தால் துரு அங்கே தொடங்கும். துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால், சுற்றியுள்ள பெயின்டையும் உப்பவைத்துப் பெயர்க்கும்.

தூசி: கடல் மணலும் நிலக்கரித் தூசியும் தகட்டின் மேல் படிந்திருக்கும்போது அதன்மேல் தார்ப்பாயை இழுத்தால், அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம்.

காற்று: பகலில் நிலம் சூடேறியபின் கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். வடக்கு தெற்காக நிற்கும் வண்டியில் கிழக்குப் பக்கம் பந்தல் விரித்தால் காற்று நேராக அடியில் புகுந்து தூக்கும். மேற்குப் பக்கம் விரித்தால் வண்டியே காற்றை ஓரளவு தடுக்கும். ஆனால் கோடைக்கால, தென்மேற்குப் பருவக்கால மாலை இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். அதன் முன்னால் வரும் பலத்த காற்று அப்போது பந்தலை நேராகத் தாக்கும். வேகமாகக் கடந்து செல்லும் டிரெய்லர்களும் திடீர்க் காற்றை உண்டாக்குகின்றன.

பந்தலின் மேல் செயல்படும் விசை

காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மூன்று மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் கொண்ட பந்தலின் பரப்பு 6 சதுர மீட்டர். மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று அதன்மேல் முழுமையாக மோதினால் ஏறத்தாழ 37 கிலோ எடைக்குச் சமமான விசை உண்டாகும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 147 கிலோ ஆகிவிடும்.

மழைநீரும் சிறிய சுமையன்று. அதே பந்தலில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால் 60 லிட்டர், அதாவது 60 கிலோ. தேங்கிய நீரால் துணி தொய்யும். தொய்ந்த இடத்தில் மேலும் நீர் சேரும்.

வாகனப் பாடியின் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுடையது. மேலே சொன்ன விசையை நான்கு திருகாணிகள் வழியாக அந்தத் தகட்டில் ஏற்றினால் துளைகள் அகன்று தகடு கிழியும். எனவே அடிப்படை விதி ஒன்றுதான்: பந்தலின் சுமை அடிச்சட்டத்துக்கோ தரைக்கோ போக வேண்டும், மெல்லிய தகட்டுக்குப் போகக் கூடாது.

தகட்டைத் துளைக்காமல் இணைக்கும் வழிகள்

கொக்கிகளில் கட்டுதல்: சரக்கு வேன்களின் தொட்டிக்குக் கீழே, இருபுறமும் கயிறு கட்டும் கொக்கிகள் இருக்கும். பந்தலின் விளிம்பிலிருந்து கயிற்றை வண்டிக் கூரையின் மேலாக மறுபக்கம் கொண்டுசென்று, அங்குள்ள கொக்கிகளில் கட்டலாம். லாரிக்காரர்கள் சரக்கின்மேல் படுதா போடும் முறை இதுவே. விசை முழுவதும் தொட்டியின் சட்டத்துக்குப் போவதால் செலவில்லாத, உறுதியான வழி இது. கயிறு கூரை விளிம்பில் திரும்பும் இடத்தில் மட்டும் மெத்தை வேண்டும்.

மழைத்தகட்டில் பிடிமானம்: பழைய வேன்களின் கூரை ஓரத்தில் நீர் வடியும் மழைத்தகடு இருக்கும். ரப்பர் உறையிட்ட கிளாம்புகளை அதில் பொருத்தலாம். புதிய வாகனங்கள் பலவற்றில் இந்த அமைப்பு இல்லை.

வரிச்சட்டம்: நீண்ட பள்ளமுள்ள அலுமினியச் சட்டத்தைக் கூரையோரம் பொருத்தி, ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்த துணியை அதற்குள் நுழைத்து இழுப்பது கேரவன்களில் உள்ள முறை. விசை நீளம் முழுவதும் சமமாகப் பரவும். சட்டத்தைத் தகட்டில் திருகாமல், கூரையில் உள்ள கேரியரில் பொருத்துவதே நல்லது. அலுமினியமும் இரும்பும் உப்புநீரில் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றால் அரிக்கப்படும். இடையில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தகடு வைக்க வேண்டும்.

காந்தமும் உறிஞ்சு கிண்ணமும்: இவை சிறிய நிழல்துணிக்கு மட்டுமே ஏற்றவை. காந்தம் நேராக இழுத்தால் நன்றாகப் பிடிக்கும். பக்கவாட்டில் இழுத்தால் வழுக்கும். வழுக்கும்போது அடியிலுள்ள மணல் பெயின்டைக் கீறும். உறிஞ்சு கிண்ணம் தூசி படிந்த பரப்பிலும் கடும் வெயிலிலும் பிடிப்பை இழக்கும். இவற்றை நம்பிப் பெரிய பந்தல் போடக் கூடாது.

மெத்தை வைத்தல்

கயிறும் துணியும் தகட்டில் உரசும் இடங்களில் பழைய சைக்கிள் டியூப், நீளவாக்கில் பிளந்த தண்ணீர்க் குழாய் ஆகியவற்றை வைக்கலாம். கோணித்துணியையும் பஞ்சையும் தவிர்க்க வேண்டும். இவை உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சிவைத்து, நாள் முழுதும் தகட்டை நனைத்தபடி இருக்கும். ரப்பரானாலும் கடை மூடும்போது கழற்றித் துடைக்க வேண்டும்.

கயிறும் துணியும்

நைலான் கயிறு நன்றாக நீளும். ஈரமானால் மேலும் தளரும். பாலியெஸ்டர் கயிறு குறைவாகவே நீள்வதால் பந்தல் இறுக்கமாக நிற்கும். பாலிப்ரொப்பிலீன் கயிறு மலிவானது. வெயிலில் விரைவில் நைந்துவிடும். கயிற்றுக்கும் கொக்கிக்கும் இடையே லாரி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டையைச் சேர்த்தால், திடீர்க் காற்றின் உதறலை ரப்பர் வாங்கிக்கொள்ளும். அவிழ்க்கும் முனையில் ஒரே இழுப்பில் பிரியும் சுருக்கு முடிச்சு போடுவது அவசரத்துக்கு உதவும்.

கேன்வாஸ் துணி நனைந்தால் மிகவும் கனக்கும். பி.வி.சி. பூசிய துணி நீரை உறிஞ்சாது. பிளாஸ்டிக் தார்ப்பாய் மலிவானது. ஆனால் எளிதில் தீப்பிடித்து உருகிச் சொட்டும். அடுப்புக்கு நேர்மேலே அது வரக் கூடாது.

கட்டும் வரிசை

1. கூரையையும் பக்கத் தகட்டையும் நல்ல தண்ணீரால் கழுவி மணலையும் உப்பையும் போக்க வேண்டும்.
2. மெத்தைகளை உரிய இடங்களில் வைக்க வேண்டும்.
3. துணியை இழுக்காமல், மடிப்பாகத் தூக்கி வைத்து விரிக்க வேண்டும்.
4. வண்டிப் பக்க விளிம்பை முதலில் கட்டி, பிறகு கம்புகளை நிறுத்த வேண்டும். இரும்புக் கம்பானால் மேலே மின்கம்பி செல்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.
5. வெளி விளிம்பு வண்டிப் பக்கத்தைவிட 30 முதல் 40 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு மூலையை இன்னும் சற்றுத் தாழ்த்தினால் நீர் ஒரே இடத்தில் வடியும்.
6. தார்ச்சாலையில் முளை அடிக்க முடியாது. நீர் நிறைந்த 20 லிட்டர் கேனையோ மணல் மூட்டையையோ ஒவ்வொரு கம்போடும் கட்ட வேண்டும்.

இரண்டு கேன்களின் மொத்த எடை 40 கிலோ. மேலே தந்த கணக்கின்படி இது மிதமான காற்றுக்குத்தான் போதும். அதற்கு மேற்பட்ட காற்றைக் கனத்தால் வெல்ல முயல்வதைவிடப் பந்தலைச் சுருட்டிவிடுவதே பாதுகாப்பானது. மேற்கே கருமேகம் திரண்டாலோ, துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டாலோ பந்தல் விரிக்கக் கூடாது. வண்டி நகரும் முன்பும் முழுவதும் அவிழ்த்துவிட வேண்டும்.

ஏற்கெனவே துளையிட்ட வாகனங்கள்

பழைய துளைகளை அப்படியே விட்டால் அவற்றின் வழியே உப்புநீர் இரட்டைத் தகட்டுக்குள் இறங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே குமிழி தெரியும்போது உட்புறம் பெரும்பாலும் கெட்டிருக்கும். துருவை உப்புத்தாளால் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி, நன்கு உலர்ந்தபின் பிரைமரும் பெயின்டும் அடிக்க வேண்டும். பிறகு துளையை ரப்பர் மூடியாலோ சிலிக்கான் பசையாலோ அடைக்கலாம். காடி வாடை வீசும் சிலிக்கான் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டு இரும்பை அரிக்கும் என்பதால், அந்த வாடையில்லாத வகையையே வாங்க வேண்டும்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. கழற்றி மாட்டும் பந்தல் வாகனத்தின் அமைப்பை மாற்றுவதில்லை. நிரந்தரமாகப் பற்றவைத்த கூரைச் சட்டங்களோ இந்தக் கேள்வியை எழுப்பக்கூடியவை. சாலையோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாத்து, வியாபாரத்தை ஒழுங்குபடுத்த 2014-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. விற்பனைச் சான்றிதழ் பெற்றவரும் நடைபாதையை முழுவதும் அடைக்காமல் பந்தல் விரிப்பது முறையாகும். கம்புகளையும் கயிறுகளையும் நடப்போர் கண்ணில் படும்படி வெள்ளைத் துணி கட்டி அடையாளப்படுத்தினால், இரவில் தடுக்கி விழுவதையும் தவிர்க்கலாம்.