ரேஸ் பேடு போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா? ஸ்போர்ட்ஸ் காருக்கு பிரேக் பேடு வாங்கும் முன்...

“ரேஸ் பேடு போட்ருங்க சார், ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்!”

ஆசை ஆசையாக ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் முதல்முறை பிரேக் பேடு மாற்றப் போகும்போது இந்த வசனத்தைக் கேட்காமல் வருவதில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டர் சொன்ன விலையில் தலை சுற்றி, ஜி.பி. ரோட்டிலோ ஆன்லைனிலோ தேடினால் ஸ்ட்ரீட், ஸ்போர்ட், செராமிக், ரேஸ் என்று கலர் கலராகப் பெட்டிகள். எல்லாப் பெட்டியும் ‘நான்தான் பெஸ்ட்’ என்கிறது. எதை எடுப்பது?

முதலில் ஒரு கசப்பான உண்மை. உங்கள் காரில் இப்போது இருக்கும் பேடு நல்ல நிலையில் இருந்து, பிரேக்கை ஓங்கி மிதித்தால் ஏபிஎஸ் ‘டக டக’வென்று வேலை செய்கிறதா? அப்படியென்றால் எவ்வளவு விலை கொடுத்துப் புது பேடு போட்டாலும் அந்த ஒரு நிறுத்தத்தில் கார் பெரிதாக முன்கூட்டி நிற்காது. சக்கரத்தைப் பூட்டும் அளவுக்குப் பழைய பேடுக்கே பிடிமானம் இருக்கிறது. அதற்கு மேல் காரை நிறுத்துவது டயரும் சாலையும்தான். தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு ரேஸ் பேடு வாங்குவது காசுக்குக் கேடு.

அப்புறம் நல்ல பேடு எதற்கு? ஒரு நிறுத்தத்துக்கு அல்ல, அடுத்தடுத்துப் பத்து நிறுத்தங்களுக்கு!

எல்லாம் சூட்டுக் கணக்கு

பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றும் சாதனம். 1,500 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முழுசாக நிறுத்தினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 580 கிலோ ஜூல். குழாயில் பிடித்த இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இது ஏறக்குறையப் போதும். வேகம் 200 ஆனால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அத்தனையும் சில விநாடிகளில் நான்கு டிஸ்க்குகளில் இறங்குகிறது. அதிலும் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்கு.

இப்போது கொல்லிமலையை நினைத்துப் பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள். அதே கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் கரைக்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 14,700 கிலோ ஜூல். 100 கி.மீ. வேகத்திலிருந்து 25 தடவை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். கீழ் கியரில் வந்தால் இன்ஜின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். ‘டி’யில் போட்டுவிட்டு வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பேடுதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பேடு என்பது உலோகத் துகள், நார், கிராஃபைட் போன்றவற்றை ரெசின் கொண்டு இறுக்கிய கலவை. ஒவ்வொரு கலவைக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. அதைத் தாண்டினால் ரெசின் சிதைந்து வாயு வெளியேறும், உராய்வு குறையும். பெடல் கல் மாதிரி இருக்கும், கார் மட்டும் நிற்காது. இதைத்தான் ‘ஃபேடு’ என்கிறார்கள்.

இன்னொரு வகை கோளாறும் இருக்கிறது. இதில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். குற்றவாளி பேடு அல்ல, பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 155 டிகிரி. கொதித்துக் குமிழி வந்தால், நீங்கள் மிதிக்கும் அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். மலையிறங்கும்போது பெடல் பஞ்சாகிப் பயந்தவர்களில் பலர், ஊருக்கு வந்ததும் விலை உயர்ந்த பேடு வாங்குகிறார்கள். பழைய ஆயிலை மாற்றியிருந்தாலே போதுமாக இருந்திருக்கும். ஆகவே உங்கள் பெடல் கல்லா, பஞ்சா என்பதைக் கவனித்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

சாலையில் ரேஸ் பேடு ஏன் ஆபத்து?

ரேஸ் பேடின் கலவை, சூடு ஏறிய பிறகு வேலை செய்வதற்காகவே செய்யப்பட்டது. சாதா பேடு திணறும் சூட்டில்தான் அது உற்சாகமாகும். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. பந்தயப் பாதையில் சுற்றுக்குச் சுற்று பிரேக்கை வதைக்கும்போது சரி. ஆனால் மழை பெய்த காலையில் வீட்டிலிருந்து கிளம்பி, ஓ.எம்.ஆரில் முதல் சிக்னலுக்கு முன்னால் ஒரு பைக் குறுக்கே வருகிறது. பேடு அப்போது ஜில்லென்று இருக்கும். வழக்கமான அழுத்தத்தில் மிதித்தால் எதிர்பார்த்த பிடி கிடைக்காது, இன்னும் ஓங்கி மிதிக்க வேண்டும். அந்த அரை விநாடி தயக்கத்தில்தான் பம்பர் உடைகிறது, சில சமயம் அதைவிட மோசமாகவும் ஆகிறது.

போதாக்குறைக்கு ரேஸ் பேடு பஸ் பிரேக் மாதிரி கிறீச்சிடும். டிஸ்க்கைத் தின்னும். அலாய் வீலில் தூசி படியும்.

‘செராமிக்’ என்ற சொல்லிலும் ஒரு குழப்பம். செராமிக் பேடு என்பது சாதாரண இரும்பு டிஸ்க்குக்கான, தூசியும் சத்தமும் குறைந்த ஒரு கலவை. சில போர்ஷே, ஃபெராரி கார்களில் வரும் கார்பன் செராமிக் பிரேக் முற்றிலும் வேறு. அங்கே டிஸ்க்கே கார்பன் செராமிக். அதற்கென்று தயாரித்த பேடைத்தான் போட வேண்டும். மாற்றிப் போட்டால் டிஸ்க் பாழாகும், அந்த டிஸ்க்கின் விலை நல்ல ஹேட்ச்பேக் காரை நினைவுபடுத்தும்.

பேடின் முதுகைப் படியுங்கள்

பெட்டியின் நிறத்தைவிட பேடின் பின்புறம் அல்லது ஓரத்தில் அச்சிட்டிருப்பது முக்கியம். பல பேடுகளில் ‘எஃப்எஃப்’, ‘ஜிஜி’ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது அதிகச் சூட்டில். எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. ‘எஃப்இ’ என்றிருந்தால் சூடானதும் பிடி குறைகிறது என்று அர்த்தம். சிறு துண்டை ஆய்வகத்தில் தேய்த்துப் பார்த்த முடிவு இது, பெஸ்ட் எது என்று சொல்லும் மார்க் அல்ல.

ஐரோப்பிய ‘ஆர்90’ முத்திரைக்கு நான் கூடுதல் மதிப்பு கொடுப்பேன். காரோடு வந்த ஒரிஜினல் பேடின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகாமல் இருந்தால்தான் இது கிடைக்கும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முன் பின் பிரேக் சமநிலை குலையாமல் இருக்கத்தான் இந்த வரம்பு. பின்னால் மட்டும் அதிக உராய்வுள்ள பேடு போட்டால், வேகத்தில் மிதிக்கும்போது பின் சக்கரம் முதலில் பிடிமானம் இழக்கும், கார் சுழலப் பார்க்கும். கலவையை மாற்றுவதென்றால் முன்னும் பின்னும் சேர்த்தே மாற்றுங்கள்.

இந்தத் தொழிலே மலைச் சரிவில் பிறந்ததாகச் சொல்வார்கள். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் வண்டிக்காரர்கள் இறக்கத்தில் சக்கரத்தின் மீது பழைய பூட்ஸை அழுத்தி வேகம் குறைப்பதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பார்த்தாராம். 1897-ல் அவர் தொடங்கியதுதான் ஃபெரோடோ நிறுவனம். நம் சென்னையின் பாடி, அம்பத்தூர் பக்கமும் பிரேக் தொழிலுக்குப் பேர்போன இடம்தான்.

சரி, எதை வாங்கலாம்? ஆபீஸ், வீடு, மாதம் ஒருமுறை ஈ.சி.ஆர். என்றால் ஒரிஜினல் பேடு அல்லது ஆர்90 முத்திரை உள்ள தரமான பேடு போதும், யோசிக்கவே வேண்டாம். அடிக்கடி மலை ஏறுபவர்களும் வருடத்தில் ஓரிரு நாள் டிராக் போகிறவர்களும் ‘ஃபாஸ்ட் ரோடு’ வகையைப் பார்க்கலாம். அப்போதும் ‘எத்தனை டிகிரியில் வேலை செய்ய ஆரம்பிக்கும்?’ என்று கேளுங்கள். மேல் எல்லையை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள், கீழ் எல்லையைக் கேட்டால்தான் சொல்வார்கள். டிராக்கே கதி என்பவர்கள் இரண்டு செட் வைத்துக்கொண்டு, அங்கே போய் மாற்றி, திரும்பும்போது சாலைப் பேடைப் போட்டுக்கொண்டு வருவதுதான் முறை.

ஆர்டர் போடும்போது மாடல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே மாடலில் பெரிய பிரேக், சின்ன பிரேக் என்று இரண்டு வகை கேலிப்பர் வரலாம். சேசிஸ் நம்பரைக் கொடுத்துச் சரிபாருங்கள், முடிந்தால் பழைய பேடைக் கையோடு கொண்டுபோங்கள்.

மாட்டிய பிறகு முக்கியமான வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. புது பேடின் பொருள் டிஸ்க் மீது மெல்லிய படலமாகச் சீராகப் படிய வேண்டும். காலியான சாலையில், மிதமான வேகத்திலிருந்து அழுத்தமாகப் பிரேக் பிடித்து, முழுசாக நிற்காமல், திரும்ப வேகமெடுத்து என எட்டு, பத்து தடவை செய்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோ மீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் முறை பெட்டிக்குள்ளேயே இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இதைச் செய்யாமல், கொதிக்கும் பிரேக்கோடு சிக்னலில் பெடலை அழுத்திக்கொண்டே நின்றால் பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் திட்டாக ஒட்டும். பிறகு ஸ்டீயரிங் நடுங்கும். “டிஸ்க் வளைஞ்சு போச்சு சார், மாத்திடலாம்” என்பார்கள். வளைந்திருக்காது. பல நேரங்களில் அந்தத் திட்டுதான் காரணம், மறுபடி முறையாகப் படிய வைத்தாலே நடுக்கம் நின்றுவிடும்.