வெள்ளை அம்பாசிடருக்கு அழுக்குப் பூசும் கலை

புது தில்லி: அரை நூற்றாண்டுக்கும் மேலாக மத்திய அரசின் அடையாளமாகத் தலைநகர்ச் சாலைகளில் வலம் வந்த வெள்ளை அம்பாசிடர் கார், இப்போது உள்ளங்கையில் ஏந்தும் அளவில் மறுபிறவி எடுத்து வருகிறது. சுமார் 4.3 மீட்டர் நீளமுள்ள இக் காரை இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கினால் 18 சென்டிமீட்டர். இதைச் செய்வோர் கடையில் விற்கும் பளபளப்பான புதுக் காரை விரும்புவதில்லை. அமைச்சகத்தின் பொது வாகனமாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்து, வெயிலில் நின்று, தூசு குடித்துக் களைத்த காரையே உருவாக்க விரும்புகின்றனர்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தக் களைத்த கார்கள் சட்டப்படியே மறைந்து கொண்டிருக்கின்றன. மத்திய, மாநில அரசுகளுக்கும் பொதுத் துறை நிறுவனங்களுக்கும் சொந்தமான, 15 ஆண்டு கடந்த வாகனங்களின் பதிவு செல்லாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு, சட்டம்-ஒழுங்குப் பணிகளில் உள்ள சிறப்பு வாகனங்களுக்கு மட்டுமே விலக்கு. மேற்கு வங்க மாநிலம் உத்தரபாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோனது. அந்த ஆண்டில் பதிவான அரசுக் கார்களும் 2029-க்குள் உடைக்கப்பட வேண்டியவையே.

தலைவர்கள் பயன்படுத்திய கார்கள் சில நினைவகங்களில் உள்ளன. லால் பகதூர் சாஸ்திரி கடன் பெற்று வாங்கிய 1964-ஆம் ஆண்டு ஃபியட் கார், தில்லியில் அவரது நினைவில்லத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. ஆனால், துணைச் செயலரையும் கோப்புக் கட்டுகளையும் சுமந்த பெயரற்ற அலுவலகக் காரை யாரும் நினைவகத்தில் வைப்பதில்லை. அந்த இடத்தைத்தான் இச் சிறு மாதிரிகள் நிரப்புகின்றன.

பொம்மையிலிருந்து தொடக்கம்:

உதிரி பாகங்களாக வாங்கி ஒட்டிச் சேர்க்கும் கார்ப் பெட்டிகளைத் தயாரிக்கும் வெளிநாட்டு நிறுவனங்கள், தங்கள் நாட்டவர் விரும்பும் கார்களையே பெரிதும் வெளியிடுகின்றன. எனவே, அம்பாசிடர் வேண்டுவோர் பெரும்பாலும் உள்நாட்டு பிளாஸ்டிக் பொம்மையில் இருந்தே தொடங்குகின்றனர். பின்னால் இழுத்து விட்டால் ஓடும் இயந்திரம் முதலில் அகற்றப்படும். தடித்த ஜன்னல் பிளாஸ்டிக் நீக்கப்பட்டு, மெல்லிய தெளிவான தாள் பொருத்தப்படும். வார்ப்பின் தையல் கோடுகள் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து மறைக்கப்படும்.

அதன் பின்னரே அரசு முத்திரை விழுகிறது. ஒளி ஊடுருவும் சிவப்புப் பல்துலக்கியின் கைப்பிடியில் சிறு துண்டு வெட்டி ராவினால் சுழல் விளக்கு தயார். நீர்த்த வெள்ளைப் பசையில் நனைத்த மெல்லிய காகிதம், உலர்ந்ததும் பின்கண்ணாடித் திரைச்சீலையாகவும் இருக்கையின் மேல் விரித்த வெள்ளைத் துண்டாகவும் மாறும்.

சட்டம் எழுதிய தோற்றம்:

இந்த இடத்தில் ஒவ்வொரு சிறு பொருளும் ஒரு தேதியைச் சொல்கிறது. ஜன்னலில் கறுப்புப் படலம் ஒட்டினால் அந்தக் கார் 2012 ஏப்ரலுக்கு முந்தையது. கார் கண்ணாடிகளில் அப் படலம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அப்போதுதான். கூரையில் சிவப்பு விளக்கு இருந்தால் அது 2017 மே 1-க்கு முந்தையது. உயர் அரசமைப்புப் பதவி வகிப்போருக்கு மட்டுமே அவ் விளக்கு என்று 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. பின்னர் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவின்படி, குடியரசுத் தலைவர், பிரதமர் கார்களிலிருந்தும் அது இறங்கியது. முன்புறம் இரும்புக் குழாய்த் தடுப்பு இருந்தால் அதுவும் பழைய காலமே. அத்தகைய தடுப்புகளை அகற்றுமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களைக் கேட்டுக் கொண்டது.

இத் தோற்றத்துக்கு இருந்த வலிமையை நாடு வேதனையோடு அறிந்த நாளும் உண்டு. 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்ற வளாகத்துக்குள் நுழைந்த பயங்கரவாதிகள் ஐவரும் வந்தது ஒரு வெள்ளை அம்பாசிடரில்தான். கூரையில் சிவப்பு விளக்கு. முன்கண்ணாடியில் உள்துறை அமைச்சகத்தின் பெயரில் போலி ஸ்டிக்கர். இவையே அவர்களுக்கு வாயிலைத் திறந்தன. பாதுகாப்புப் படையினர் உள்ளிட்ட 9 பேர் உயிரிழந்தனர். ஒரு விளக்கும் ஒரு ஒட்டுத்தாளும் அதிகாரமாகவே கருதப்பட்ட காலத்தின் முகம் அது.

தூசு வேறு, துரு வேறு:

வண்ணம் பூசுவதில்தான் உழைப்பு மிகுதி. தூய வெள்ளை, சிறிய வடிவில் கண்ணைக் கூசச் செய்து பொம்மைத் தோற்றம் தரும். ஆகவே, துளி பழுப்பு கலந்த வெள்ளையே தேர்வு.

பிரைமருக்கு மேல் முதலில் பூசுவது வெள்ளையல்ல; துருவின் செம்பழுப்பு. அது உலர்ந்ததும் வார்னிஷ் பூசிக் காக்கப்படும். அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே மெல்லிதாக இரு முறை. கடைசியாக வெள்ளை அக்ரிலிக் வண்ணம். சற்று உலர்ந்ததும் தண்ணீர் தொட்ட தூரிகையால் மெல்லத் தேய்த்தால், இடையில் உள்ள ஸ்பிரே கரைந்து, வெள்ளை செதில் செதிலாகப் பெயர்ந்து, அடியில் உள்ள துரு தெரியும். நுண்ணிய கீறல்களுக்குக் கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டின் நுனியே போதுமானது.

அடுத்து, பளபளப்பு வார்னிஷ். டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை அதன்மேல் தொட்டு வைத்தால், கதவு இடுக்குகளிலும் பானெட்டின் விளிம்புகளிலும் தானே ஓடித் தேங்கும். வழவழப்பான பரப்பு இல்லாவிட்டால் அந்த ஓட்டம் தடைபட்டுக் கறை படிந்துவிடும். பூச்சுகளின் வரிசை மாறக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

எங்கே துரு, எங்கே தூசு என்பதை ஊர் முடிவு செய்கிறது. கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சி ஈரக் காற்றிலும் நீண்ட மழையிலும் உழைத்தது. அதன் கதவுகளின் அடிப்பகுதி, சக்கர வளைவு, கூரையோர நீர்த்தாரை என நீர் தங்கும் இடமெல்லாம் துரு. தில்லி அரசுக் காருக்கு வேறு விதி. கோடையில் மேற்கிலிருந்து வீசும் வெப்பக் காற்று கொண்டுவரும் வெளிர் பழுப்புத் தூசும், வெயிலில் வெளுத்த கூரையுமே அதன் அடையாளங்கள். இதற்குச் சாக்பீஸ் போன்ற வண்ணக் குச்சிகளைப் பொடித்து, உலர்ந்த தூரிகையால் அடிப்பகுதியில் படியவிடுகின்றனர். முன்கண்ணாடியில் வைப்பர் துடைக்கும் வில் வடிவத்தை மறைத்துவிட்டுப் பொடியைத் தூவி, பின்னர் மறைப்பை எடுத்தால் ஓட்டுநர் பார்த்த சாலை தெரியும்.

தொடங்குவோர் செய்யும் பெரும் பிழை, கார் முழுவதும் ஒரே சீராக அழுக்கைப் பூசுவது. அரசுக் காரை ஓட்டுநர் காலைதோறும் துணியால் துடைப்பார். எனவே, கை எட்டும் பரப்பு சுத்தமாக இருக்கும். கைப்பிடியின் அடியிலும் பம்பரின் பின்னாலும் கை எட்டாத மூலைகளிலும்தான் அழுக்கு தங்கும். பல ஆண்டுகள் துணி உரசிய விளிம்புகளில் வண்ணம் தேய்ந்திருக்கும். நல்ல மாதிரி என்பது, கண்ணுக்குத் தெரியாத அந்த ஓட்டுநரின் கையைக் காட்டுவது.

வரியின் சுமை:

இப் பொழுதுபோக்குக்கு அரசின் கொள்கையோடு நேரடித் தொடர்பும் உண்டு. சுங்க அட்டவணையில் குழந்தைகளின் பொம்மையும் பெரியவர்களின் அளவு மாதிரியும் 9503 என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. தரச் சான்று கட்டாயம் என்ற ஆணை 2021 ஜனவரி 1 முதல் அமலானது.

இதற்கு நியாயமான காரணம் இருந்தது. குழந்தைகள் வாயில் வைக்கும் பொருளில் நச்சு இருக்கக்கூடாது; உள்நாட்டுத் தொழில் வளர வேண்டும். இவ்விரண்டையும் எவரும் மறுப்பதற்கில்லை. இத் தலைப்பின் கீழான இறக்குமதி, 2018-19-இல் இருந்த 30.4 கோடி டாலரிலிருந்து 2021-22-இல் 3.6 கோடி டாலராகக் குறைந்தது என்று அரசு தெரிவித்தது.

ஆனால், தரக் கட்டுப்பாட்டு ஆணை 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொருள்களையே பொம்மை என்று வரையறுக்கிறது. சுங்க அட்டவணையின் தலைப்போ வயது பார்ப்பதில்லை. நடுவயதுக்காரர் கத்தியும் டர்பன்டைனும் கொண்டு மாதக்கணக்கில் செய்யும் மாதிரியும், குழந்தை கையில் உருளும் காரும் ஒரே தலைப்பில் வரி செலுத்துகின்றன. ஓர் ஆணை பிரித்துப் பார்ப்பதை மற்றொன்றும் பிரித்துப் பார்க்கலாகாதா என்ற கேள்விக்கு இடமிருக்கிறது.

அதே வேளையில், வரிச்சுவர் மறைமுகமாக ஒரு நன்மையும் செய்திருக்கிறது. வெளிநாட்டுப் பந்தயக் கார்ப் பெட்டிக்குப் பெரும் விலை கொடுக்க இயலாதவர், உள்ளூர்ப் பொம்மையைக் கையில் எடுக்கிறார். அதில் அவருக்குத் தெரிந்த காரைத் தேடுகிறார். தெரிந்த கார் பெரும்பாலும் அம்பாசிடர்தான்.

கடைசியில் ஒளிமங்கிய வார்னிஷ் பூசியதும் வேலை முடிகிறது. அமைச்சரின் கார் செய்வது எளிது. வெள்ளை பூசி விளக்கு வைத்தால் போதும். அமைச்சர்கள் மாறிய பின்னும் அதே வாயிலில் காத்திருந்த காரைச் செய்வதற்கே பொறுமை வேண்டும். அரசு உடைத்துப் பழைய இரும்பாக்கிய அந்தக் கார், அழுக்கோடும் கீறலோடும் யாரோ ஒருவரின் கண்ணாடி அலமாரியில் பணியில் தொடர்கிறது.